பழைய லாரியும் டிரெய்லரும்: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் வழிமுறை

என்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரை மாற்றிய மறுவாரமே வண்டி மீண்டும் கிளம்ப மறுப்பதும், காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் பிரேக் பூஸ்டரைப் புதிதாகப் போட்ட பிறகும் இரவில் நிறுத்திய வண்டியில் விடிவதற்குள் பிரேக்குக்கான காற்று முழுவதும் இறங்கிவிடுவதும், பழைய லாரியைச் சொந்தக் கையால் பராமரிக்கும் எவருக்கும் பழகிப்போன சலிப்புகள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் ஒன்றிரண்டு வண்டிகளை வைத்துக்கொண்டு, தாமே ஓட்டித் தாமே பழுது பார்க்கும் உரிமையாளர்களில் நானும் ஒருவன். இருபது ஆண்டுகளைக் கடந்த ஓர் இழுவை லாரியையும் அதன் பின்னால் மாட்டும் இரட்டை ஆக்சில் டிரெய்லரையும் பார்த்துக்கொண்டதில் எனக்குப் புலப்பட்டது ஒன்று: பழைய வண்டியில் ஒரு பொருள் கெடுவதைக் காட்டிலும், அது இன்னொரு பொருளோடு சேரும் இடம் கெடுவதே அதிகம். எர்த் வயர் சேஸில் முறுக்கப்பட்ட இடம், டீசல் குழாயின் செப்பு வாஷர், ஏர் கப்ளிங்கின் ரப்பர், டிரெய்லர் பிளக்கின் பின் ஆகியவற்றை முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகும் குறை தீராவிட்டால் மட்டுமே விலையுயர்ந்த பொருளில் கை வைக்க வேண்டும்.

இங்கே சொல்லப்படுபவை 24 வோல்ட் மின்னமைப்பும், மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத இன்லைன் டீசல் பம்பும், முழு ஏர் பிரேக்கும் கொண்ட வண்டிகளுக்கானவை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி) வண்டிகளுக்கு டீசல் பகுதி பொருந்தாது. டீசல் மிக உயர்ந்த அழுத்தத்தில் நிற்கும் அவற்றின் காமன் ரெயில் குழாய்களை இங்கே விவரிக்கும் முறையில் தளர்த்துவது உயிருக்கே ஆபத்தாகும்.

கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு 24 வோல்ட் டெஸ்ட் லேம்ப், சோப்புத் தண்ணீர், இரண்டு மீட்டர் கண்ணாடி போன்ற டீசல் ஹோஸ், ஒரு நீண்ட அளவு டேப் ஆகியவை இருந்தால் கீழ்க்கண்ட சோதனைகள் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம். சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை போடாமல் வண்டியின் அடியில் போகக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே உரியது. தூக்கிய பிறகு பாரத்தைத் தாங்க ஸ்டாண்டு வைக்க வேண்டும். கழற்றி நிறுத்திய டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் காலான லேண்டிங் லெக்கை நம்பியும் அடியில் படுக்கக் கூடாது.

சாவியைத் திருப்பினால் "டக்" என்ற ஒலி மட்டும் வருகிறது, அல்லது செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது

முதலில் இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஒன்று 12.6, மற்றொன்று 12.1 என்று வித்தியாசம் இருந்தால், குறைவாகக் காட்டும் பேட்டரிதான் கெட்டது என்று உடனே முடிவு கட்டாமல், யாராவது பாட்டுப் பெட்டிக்கோ செல்போன் சார்ஜருக்கோ ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்திருக்கிறார்களா என்று வயரைப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். அப்படி எடுத்தால் ஒரு பேட்டரி எப்போதும் பட்டினியாகவும், இன்னொன்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகித் தண்ணீர் வற்றியும் போகும். அந்த ஒரு வயர் இரண்டு பேட்டரிகளின் ஆயுளையும் தின்றுவிடும். 24 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்துவதே சரியான வழி. பேட்டரியை மாற்றும்போதும் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே வகையில் மாற்ற வேண்டும்.

பேட்டரிகள் நன்றாக இருந்தும் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால், மின்சாரம் வழியில் எங்கோ வீணாகிறது என்று பொருள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றொன்றைச் செல்ஃப் மோட்டாரின் உடலிலும் வைத்து, இன்னொருவரைச் சாவி போடச் சொல்ல வேண்டும். சுற்றும் நேரத்தில் மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. பாசிட்டிவ் முனையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரையிலும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். செல்ஃப் சுற்றும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடுவதால், 300 ஆம்பியருக்கு ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். வெறும் மீட்டரை வைத்து வயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பதால் இந்தக் குறை ஒருபோதும் தெரியாது. செல்ஃப் சுற்றி மின்பாரம் ஏறும்போதுதான் அது வெளிப்படும்.

என் வண்டியில் ஒரு மழைக்காலத்தில் இதே அறிகுறி தோன்றியபோது, ஒரு பட்டறையில் செல்ஃப் மோட்டாரை இரண்டு முறை பிரித்துக் கட்டினார்கள். மூன்றாம் முறை நானே அளந்தபோது நெகட்டிவ் பக்கத்தில் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கியர் பாக்ஸுக்கும் சேஸுக்கும் இடையில் உள்ள எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், பட்டையின் முனையான லக்கின் அடியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அதற்கும் அடியில் எப்போதோ சேஸுக்கு அடித்த பெயிண்ட் ஓர் அடுக்கு இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் போல்ட் இறுக்கமாகவும் புதியதாகவும் தெரிந்தது. பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, லக்கையும் மாற்றி இறுக்கியபோது, பழைய செல்ஃப் மோட்டாரே முதல் திருப்பிலேயே என்ஜினைச் சுற்றியது. இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் அல்லது பெட்ரோலியம் ஜெல்லி பூச வேண்டும். இறுக்குவதற்கு முன் பெயிண்டை அந்த இடத்தில் படவிடக் கூடாது.

என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 27.5 முதல் 28.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். குறைந்தால் ஆல்டர்னேட்டர் பெல்ட்டையும் அதன் பின்புற வயர்களையும், அதிகரித்தால் ரெகுலேட்டரையும் பார்க்க வேண்டும்.

காலையில் கிளம்பிச் சில நொடிகளில் அணைந்துவிடுகிறது. பிறகு ஹேண்ட் பம்ப் அடித்தால்தான் ஓடுகிறது

இது டீசலில் காற்று பிடிப்பதன் தெளிவான அடையாளம். டாங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் வரையிலான குழாய், டீசலை உறிஞ்சும் பக்கம் என்பதால், அங்கே விரிசல் இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது; காற்றுதான் உள்ளே போகும். ஈரமே இல்லாத இடத்தில் பழுது இருப்பதால்தான் இதைத் தேடிப் பலர் நாள் கணக்கில் அலைகிறார்கள்.

இதைப் பாதியாகப் பிரித்துத் தேடுவது நல்லது. ஃபீட் பம்பின் உள்வரும் குழாயைக் கழற்றி, அதற்குப் பதிலாகக் கண்ணாடி ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையைச் சுத்தமான டீசல் உள்ள கேனில் விட்டு என்ஜினை ஓட்ட வேண்டும். கேனிலிருந்து குறையின்றி ஓடினால், பழுது டாங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில்தான் உள்ளது: டாங்குக்குள் இறங்கும் குழாயில் துருவேறிய ஓட்டை, சேஸில் உரசித் தேய்ந்த ஹோஸ், தளர்ந்த கிளிப் என்று வரிசையாகப் பார்க்கலாம். கேனிலிருந்து ஓட்டும்போதும் அணைந்தால் ஃபீட் பம்பின் வால்வு, ஹேண்ட் பம்பின் சீல், ஃபில்டர் மூடியின் ரப்பர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கண்ணாடி ஹோஸுக்குள் ஊசி முனையளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்வதை ஒரு முறை கண்ணால் பார்த்தவர், பிறகு ஒருபோதும் பம்பைக் குறை சொல்ல மாட்டார்.

டீசல் குழாய்களை இணைக்கும், நடுவில் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டுகளின் இரு புறமும் உள்ள செப்பு வாஷர்கள், பல முறை இறுக்கப்பட்டுக் கெட்டித்துப் போயிருக்கும். புதியவை கிடைக்காத இடத்தில், அவற்றை அடுப்பில் செந்நிறமாகும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மீண்டும் மென்மையாகி நன்கு படியும். இரும்பைப் போலன்றிச் செம்பு இப்படிச் செய்தால் இளகிவிடும்.

காற்றை எடுக்கும்போது முதலில் ஃபில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, குமிழியில்லாத டீசல் வரும்வரை ஹேண்ட் பம்பை அடித்து மூட வேண்டும். அடுத்து டீசல் பம்பின் திருகில் அவ்வாறே செய்ய வேண்டும். அதன் பிறகும் கிளம்பாவிட்டால் மட்டும், என்ஜினுக்குள் டீசலைத் தூவும் நாசில் பக்கத்து நட்டுகளைச் சிறிது தளர்த்திச் செல்ஃப் அடிக்கலாம். அந்த நேரத்தில் கையை அருகே கொண்டுபோகக் கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். அப்படி நேர்ந்தால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் நன்றாக ஓடிய பிறகு இழுவை குறைந்து, நிறுத்திச் சிறிது நேரம் கழித்து மீண்டும் நன்றாக ஓடும் வண்டியில், டாங்க் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். "புஸ்" என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால், மூடியின் மூச்சுத் துளை மண்ணால் அடைந்திருக்கிறது. ஓர் ஊசியால் தீர்கிற குறை இது.

புகை

பாரத்தில் கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரையும், டர்போவிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளிப்புகளையும் பார்த்த பிறகே நாசிலைக் கழற்ற வேண்டும். நீலப்புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். டீசல் பம்பின் அளவையும் நாசிலின் அழுத்தத்தையும் சோதனை மேடை உள்ள பம்ப் பட்டறையில்தான் பார்க்க முடியும் என்பதால், வீட்டில் பம்பைப் பிரிக்க முயல வேண்டாம்.

என்ஜின் சூடேறுகிறது

எப்போது சூடேறுகிறது என்பதே பாதி விடை. நகர நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் ஏறினால் பெல்ட், ஃபேன், ரேடியேட்டரின் வெளிப்புறம் ஆகியவற்றில் குறை. வைக்கோலும் பருத்தித் தூசியும் ஏற்றும் வண்டிகளில் ரேடியேட்டரின் இடுக்குகள் கம்பளி போல் மூடிக்கொள்ளும். என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். மேட்டில் பாரம் இழுக்கும்போது மட்டும் ஏறினால், உள்ளே தண்ணீர் ஓட்டம் குறைந்திருக்கிறது. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உள்ள உப்பு, ரேடியேட்டர் குழாய்களுக்குள் சுண்ணாம்புப் படிவமாக இறுகிவிடும். ரேடியேட்டருக்கு வடிநீரும் கூலண்ட்டும் கலந்துதான் ஊற்ற வேண்டும். என்ஜினை வேகமாக ஓட்டச் சொல்லிக் கீழ் ஹோஸைப் பார்த்தால், அது உள்வாங்கிச் சப்பையாவது சில வண்டிகளில் தெரியும். ஹோஸ் வெளியே நன்றாக இருந்தாலும் அதன் உள்ளிருக்கும் வலு போய்விட்டது என்பதே காரணம்.

சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. அது என்ஜினை வேண்டிய சூட்டுக்கு வரவிடாமல் செய்து, டீசலையும் லைனரையும் சேர்த்தே அழிக்கும். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அதைத் தொங்கவிட்டுக் காய்ச்சினால், அது திறக்கிறதா இல்லையா என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது.

காற்று நிற்கவில்லை

இந்தப் பகுதியில் அவசரப்படுவதை நான் எங்கும் ஏற்க மாட்டேன். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில், பாரத்தோடு வந்த லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னே போன வண்டிகளின் மேல் மோதிய விபத்துகளை நாம் அனைவரும் அறிவோம்.

காற்று முழு அழுத்தம் ஏறிய பிறகு என்ஜினை நிறுத்தி, அமைதியான நேரத்தில் சோதிக்க வேண்டும். பிரேக்கை மிதிக்காமலே காற்று இறங்கினால் குறை ஏர் டாங்க், அதற்கு வரும் குழாய்கள், வால்வுகள் ஆகியவற்றில் உள்ளது. மிதிக்கும்போது மட்டும் இறங்கினால் பூஸ்டரின் ரப்பர் திரையான டயஃபிரமிலோ, மிதித்தால் மட்டும் காற்று போகும் குழாயிலோ உள்ளது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். அடுத்து, டிரெய்லரைக் கழற்றி இழுவை லாரியை மட்டும் சோதித்தால் குறை முன்னால் உள்ளதா பின்னால் உள்ளதா என்பதும் தெரியும். அதன் பிறகே சோப்புத் தண்ணீரைத் தொட வேண்டும்.

டிரெய்லருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களில் சிவப்பு எப்போதும் காற்று நிறைந்திருக்கும் எமர்ஜென்சி லைன்; மற்றொன்று மிதிக்கும்போது மட்டும் காற்று போகும் சர்வீஸ் லைன். சிவப்பு ஹோஸ் அறுந்தால் டிரெய்லர் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். மற்றது அறுந்திருந்தால் பிரேக்கை மிதிக்கும் வரை எதுவும் தெரியாது என்பதால், மாட்டிய பிறகு ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று காதால் கேட்க வேண்டும். கப்ளிங்கின் ரப்பர் வெயிலில் கெட்டித்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத நிலைக்கு வந்திருந்தால், கசியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

ஏர் டாங்கின் தண்ணீரை நாள்தோறும் வடிக்க வேண்டும். வடிவது பால் போலவோ எண்ணெய்ப் பசையாகவோ இருந்தால் கம்ப்ரசரின் ரிங் தேய்ந்து ஆயிலைத் தள்ளுகிறது. அந்த ஆயில் எல்லா வால்வுகளின் ரப்பரையும் உப்பச் செய்யும் என்பதால், வால்வுகளை ஒன்றொன்றாக மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. கம்ப்ரசரை முதலில் சரிசெய்ய வேண்டும்.

பார்க்கிங் பிரேக்கோடு சேர்ந்த இரட்டை பூஸ்டரின் உள்ளே, ஒரு மனிதனைக் கொல்லும் வலிமையுள்ள ஸ்பிரிங் அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் ஸ்பிரிங் பக்கத்தை யாரும் பிரிக்கக் கூடாது. ரிலீஸ் போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கைப் பூட்டி, முழு பூஸ்டராகவே கழற்றி மாற்ற வேண்டும்.

ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது, அல்லது பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது

பிரேக் அதிகம் மிதிக்காத சமதளச் சாலையில் ஓட்டி நிறுத்தியவுடன் ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் இறுகியிருக்கலாம், பிரேக் ஷூவை விரிக்கும் எஸ் கேம் ஷாஃப்ட் கிரீஸின்றிச் சிக்கியிருக்கலாம், ஷூவைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம், அல்லது பேரிங் போயிருக்கலாம். எதிர்பாராத வகையில், பிரேக்கைப் பல முறை மிதித்து ஓட்டிய பிறகும் மிகக் குளிர்ந்திருக்கும் சக்கரமும் குறையுள்ளதே; அது பிரேக்கே பிடிக்காமல் மற்ற சக்கரங்களின் மேல் சுமையைத் தள்ளுகிறது.

கையால் திருப்பும் அட்ஜஸ்டரைச் சரிசெய்ய, கட்டை போட்டு, காற்றை முழுவதும் ஏற்றி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, லைனிங் டிரம்மைத் தொடும்வரை திருப்பிப் பிறகு சக்கரம் தடையின்றிச் சுற்றும் அளவுக்குப் பின்வாங்க வேண்டும். பிரேக் மிதித்த நிலையில் பூஸ்டர் ராடுக்கும் அட்ஜஸ்டருக்கும் இடையே ஏறத்தாழ 90 பாகைக் கோணம் இருக்க வேண்டும். ஓர் ஆக்சிலின் இரு புறமும் ராடு வெளிவரும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். டிரம் சூடேறினால் விரிந்து லைனிங்கை விட்டு விலகுவதால், சமதளத்தில் போதுமானதாகத் தோன்றிய அட்ஜஸ்ட்மெண்ட் கணவாயின் நடுவில் போதாமல் போகும். ஆகவே ராடு அதன் எல்லைக்கு அருகில் வருவதைப் பார்த்தும் "அடுத்த டிரிப்பில் பார்க்கலாம்" என்று விடக் கூடாது.

டிரெய்லர் விளக்குகள் மாறி மாறி எரிகின்றன

பிரேக் மிதித்தால் டெயில் லேம்ப் மங்குகிறது, இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்குகளும் சேர்ந்து துடிக்கின்றன என்றால், எர்த் போய்விட்டது. மின்சாரம் திரும்பிப் போக வழியின்றி மற்ற பல்புகளின் வழியே போகிறது. நீண்ட வயர் ஒன்றை இழுவை லாரியின் பேட்டரி நெகட்டிவிலிருந்து கொண்டுவந்து விளக்கின் உடலில் தொட்டவுடன் குறை மறைந்தால் சோதனை முடிந்தது. டிரெய்லரை லாரியோடு பூட்டும் கிங் பின்னின் வழியே சேஸ் எர்த் கிடைக்கும் என்று நம்பக் கூடாது; அங்கே இருப்பது கிரீஸ்.

ஏழு பின் பிளக்கில், பொதுவான 24 வோல்ட் முறைப்படி 1 எர்த், 2 இடப்பக்க டெயில், 3 இடப்பக்க இண்டிகேட்டர், 4 பிரேக், 5 வலப்பக்க இண்டிகேட்டர், 6 வலப்பக்க டெயில். பழைய வண்டியில் முன்பு கை வைத்தவர் இதை மாற்றியிருக்கக்கூடும் என்பதால் நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லேம்ப்பால் பார்க்க வேண்டும். பிளவுள்ள பித்தளைப் பின்கள் பல முறை செருகியதில் மூடிக்கொண்டு தளர்ந்திருக்கும். மெல்லிய கத்தியின் நுனியை அந்தப் பிளவில் வைத்து மயிரிழை அளவு விரித்தால், புதிய பிளக் வாங்க வேண்டிய தேவையே இராது. 8 ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டியிருக்கும்போது, அதற்கு முந்தைய இரவில் வயரைப் பிய்த்துக்கொண்டு நிற்பதைவிட இதை மாதம் ஒரு முறை பார்ப்பது எளிது.

டிரெய்லர் கோணலாக வருகிறது, டயர் ஒரு பக்கம் தேய்கிறது

கிங் பின்னின் மையத்திலிருந்து முன் ஆக்சிலின் இரு முனைகளுக்கும் டேப் பிடித்து அளக்க வேண்டும். இரு அளவுகளுக்கும் இடையே 3 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் ஆக்சில் நகர்ந்திருக்கிறது. கமான் பட்டையின் சென்டர் போல்ட் முறிந்திருப்பது, யூ போல்ட் தளர்ந்திருப்பது, ராடு புஷ் தேய்ந்திருப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். யூ போல்ட்டின் அருகே செந்நிறத் துருப்பொடி கசிந்திருந்தால் அந்த இடம் அசைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

போல்ட் அசைய மறுக்கிறது

சுய பழுதுபார்ப்பில் மனத்தை உடைப்பது பெரும்பாலும் இதுதான். பத்து நிமிட வேலைக்காக ஒரு பகல் முழுவதும் ஒரு துருப்பிடித்த நட்டோடு போராட நேரும். முந்தைய நாள் மாலையே கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்து, ஊடுருவும் எண்ணெயை விட்டு ஊறவிட வேண்டும். மறுநாள் முதலில் சிறிது இறுக்கும் திசையில் அசைத்துப் பிறகு கழற்ற வேண்டும். அசைவு கிடைத்ததும் முன்னும் பின்னுமாக மெதுவாகக் கொண்டுவர வேண்டும். வெப்பம் கொடுப்பதென்றால் நட்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். காற்றுள்ள டயர் மாட்டிய ரிம்மிலோ அதன் நட்டுகளிலோ கேஸ் நெருப்பையோ வெல்டிங்கையோ ஒருபோதும் காட்டக் கூடாது; உள்ளே டயர் கருகி உண்டாகும் வாயு வெடித்து அருகில் நிற்பவரைக் கொன்றுவிடும். போல்ட் முறிந்துவிட்டால், முறிந்த முனையின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்புவது பெரும்பாலும் பலிக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி முனைகளையும் ஆல்டர்னேட்டர் வயர்களையும் கழற்றிவிட வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு

பழைய லாரிகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு இடது மரை இருக்கும்; வீல் ஸ்பேனரில் குழாயை மாட்டி ஏறி மிதிப்பதற்கு முன், ஸ்டட்டின் முனையில் உள்ள அடையாளத்தையும் மரையின் சாய்வையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரிம்முக்கும் டிரம்முக்கும் இடையில் பெயிண்டோ துருவோ இருந்தால், அது நசுங்கிய பிறகு நட்டு தளர்ந்துவிடும் என்பதால் சுரண்டிய பிறகே மாட்ட வேண்டும். எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்கிவிட்டு, ஐம்பது கிலோமீட்டர் தாண்டியதும் முதலில் வரும் தேநீர்க் கடையில் வண்டியை ஓரம் கட்டி, எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒரு முறை இறுக்க வேண்டும்.